பதினேழு நாள் முன்னறிவிப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஆதார் திருத்தத்திலிருந்து ஜீவனாம்ச மனு வரைக்கும் டைப் அடித்துக் கொடுக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஏது? அப்படிப்பட்ட நானே அந்த வியாழக்கிழமை காலையில் ஏர்போர்ட் கவுன்டரில் ஏமாந்து நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி ஆண்ட்ரூவுக்கு அன்றைக்குக் கொழும்பில் கப்பல். அவனுக்கு அது முதல் கப்பல். ஆறு மாதப் பயிற்சி முடித்து, கடலோடிகளுக்குக் கொடுக்கிற அடையாளப் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்துக் கிடந்தான். மும்பை ஏஜென்ட் ஆபீசுக்கு வாரம் தவறாமல் போன் போடுவான். அவர்களும் வாரம் தவறாமல் அடுத்த வாரம் என்பார்கள். கடைசியில் ஒரு நாள் அவர்களே கூப்பிட்டார்கள். கொழும்புக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும், வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டும், வராவிட்டால் அங்கேயே ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். டிக்கெட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

என் கடையில்தான் டிக்கெட் போட்டேன். அப்போது அப்பாவும் கடையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமையே அனுப்பிவிட்டால் என்ன என்று ஒருதரம் கேட்டார். ஒரு ராத்திரி கொழும்பில் லாட்ஜ் வாடகையை யார் தருவது என்று நான் வள்ளென்று விழுந்தேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். வியாழன் பதினொன்றே கால் விமானம், ஒன்றரை மணி நேரப் பயணம், தாராளமாகப் போய்ச் சேரலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

எங்கள் அப்பா சவரிநாதனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டியவர். அதில் இருபது வருடம் சங்கச் செயலாளர். ரிட்டயராகி எட்டு வருடம் ஆகியும், ஹார்பர் ரோட்டில் நடந்தால் இன்னும் நாலு பேர் "தலைவரே" என்று கும்பிடுவார்கள். அம்மா இறந்த பிறகு சமையல் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கேரம் கிளப் என்று கிளம்பிவிடுவார். பிள்ளை முதல் தடவையாகக் கப்பலுக்குக் கிளம்புகிற நாளில் அவர் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. விடிந்ததும் ராயப்பர் கோயிலுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கும் அம்மா நினைவு நாளுக்கும் மட்டும் கோயில் படி மிதிக்கிற மனிதருக்குத் திடீரென்று என்ன பக்தி என்று ஆண்ட்ரூவிடம் சொல்லிச் சிரித்தேன். நைனாவுக்கு அழுகை வந்துவிடும் என்று பயம், அதான் வரவில்லை என்றான் அவன்.

ஏர்போர்ட்டில் நுழைகிற இடத்திலேயே யூனிஃபார்ம் போட்ட பெண்களும் பையன்களும் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம். உள்ளே போனால் பலகையில் அந்தக் கம்பெனி விமானம் அத்தனையும் சிவப்பில் ரத்து என்று ஓடிக்கொண்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவளைச் சுற்றி நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை விமானத்தில் சீட் தருகிறோம், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் போனுக்கு வந்திருக்கிற லிங்க்கில் ஏதாவது ஒன்றை அழுத்துங்கள் என்று அவள் எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினாள். நஷ்டஈடு என்று நான் ஆரம்பித்ததும், வேலைநிறுத்தம் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம் மேடம் என்று சாப்பாட்டுக் கூப்பனை நீட்டினாள்.

சனிக்கிழமை போய் நாங்கள் எந்தக் கப்பலில் ஏறுவது? பக்கத்துக் கம்பெனியில் மத்தியானம் ஒரு சீட் இருக்கிறது, மூன்று மடங்கு விலை என்று யாரோ சொன்னார்கள். இந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அதை வாங்க முடியும் என்று எனக்கு ஒரு பதற்றம். ஒரு வரி படிக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தா என்கிற பொத்தானை அழுத்திவிட்டேன். அதே கம்பெனியே வேறு கம்பெனி விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று நான் சட்டமாக நின்றிருக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டதும் அந்தப் பேச்சே முடிந்துபோனது. பணம் வர ஏழு வேலை நாளாகும் என்று திரையில் வந்தது. அந்த ஒரு சீட்டும் அதற்குள் போய்விட்டது. ஊருக்கெல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று சொல்கிறவள் நான்.

ஆண்ட்ரூ பையின் மேல் உட்கார்ந்து ஏஜென்டிடம் பேசினான். சரி சார், சரி சார் என்று நாலு தடவை சொன்னான். அந்தக் கப்பலில் வேறு ஒருவன் ஏறிவிட்டான்.

போன கப்பல் போகட்டும், அடுத்ததில் அனுப்புங்கள் என்று கேட்டபோதுதான் உண்மையான இடி விழுந்தது. ஏஜென்ட் ஆபீசில் இவன் பெயருக்கு நேரே, கப்பல் கொடுத்தும் வராதவன் என்று குறித்துவிட்டார்கள். அந்தக் குறிப்பு ஒரு ஏஜென்டோடு நிற்காதாம், மற்ற ஆபீசுகளுக்கும் போகுமாம். இவன்மேல் தப்பில்லை என்று எழுத்தில் வாங்கி வந்தால் அழிக்கிறோம் என்றார்கள். விமானக் கம்பெனியிடம் கேட்டேன். எட்டு மெயில் போட்ட பிறகு ஒரு கடிதம் வந்தது. செயல்பாட்டுக் காரணங்களால் விமானம் ரத்தானது. மாற்று இருக்கை கொடுக்க முன்வந்தோம். பயணி அதை ஏற்காமல் தன் விருப்பப்படி பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தன் விருப்பப்படி என்கிற வார்த்தையைப் பார்த்துவிட்டு நான் கடை ஷட்டரை இறக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன். ஏஜென்ட் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, நாங்கள் சொன்னது சரிதானே என்று கேட்டான்.

ஆண்ட்ரூ மீஞ்சூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் தினக்கூலிக்குப் போக ஆரம்பித்தான். பெட்டி பெட்டியாக சீல் நம்பர் பார்த்து எழுதுகிற வேலை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஸ்டிரைக் பண்ணியவர்களை நான் திட்டும்போது மட்டும், "வுடுக்கா, அவுங்களுக்கு இன்னா பேஜாரோ. நைனா பண்ணாத ஸ்டிரைக்கா?" என்பான். அப்பா அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

திருவொற்றியூரில் வக்கீல் அப்துல் வஹாபைப் போய்ப் பார்த்தேன். என் கடைக்கு அவர் பழைய வாடிக்கை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம் என்றார். நஷ்டஈடு எவ்வளவு வருகிறதோ வரட்டும், தப்பு கம்பெனி மேல்தான் என்று ஆணையம் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அதை ஏஜென்ட் மூஞ்சியில் காட்டலாம். ஆனால் ஒரு சிக்கல். புயல், கலவரம், வேலைநிறுத்தம் எல்லாம் விதிவிலக்கு என்று கம்பெனி சொல்லும். அதை உடைக்க ஒரு வழிதான் உண்டு என்றார்.

"புயல் சொல்லிகினு வராதும்மா. ஸ்டிரைக் சொல்லிகினுதான் வரும். நோட்டீஸ் குடுத்திருப்பாங்க. அது கம்பெனி கைக்குப் போன பிற்பாடும் உனக்கு டிக்கெட் வித்திருந்தான்னா, தெரிஞ்சே மறைச்சான்னு அடிக்கலாம். அந்த நோட்டீஸ் காப்பியப் புடி."

வேலைநிறுத்தம் நாலே நாளில் முடிந்திருந்தது. ஏழு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அதில் முன்னால் நின்ற பெனிஷா என்கிற பெண் விம்கோ நகர் என்று வஹாப் விசாரித்துச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மெட்ரோ பிடித்துப் போனேன். போகிற வழியெல்லாம் அவளைக் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் டைப் அடித்துக்கொண்டே போனேன். உங்கள் சண்டையில் என் தம்பி ஏன் சாக வேண்டும் என்பது முதல் கேள்வி.

மளிகைக் கடைக்கு மேலே மாடி வீடு. கடை அவளுடைய அப்பா ஜெபசிங்குடையது. இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு கதவைத் திறந்தாள். முதல் கேள்வியை நான் கேட்கத்தான் செய்தேன். அவள் கோபப்படவில்லை. பிரசவம் முடிந்து வந்தவர்களை எடை கூடிவிட்டது என்று சம்பளம் பிடித்தார்கள், பதினாலு மணி நேரம் பறந்துவிட்டு வந்தவளை ஆறு மணி நேரத்தில் மறுபடி ஏற்றினார்கள், ஒருத்தி நடுவானில் மயங்கி விழுந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பயணிகள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா என்றாள். அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கல்மண்டபம், ரோசி ஜெராக்ஸ் என்று என் விலாசத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோனது.

"சவரிநாதன் அங்கிள் பொண்ணா? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொல்லிக்கொண்டே போனாள். அவளுடைய அப்பா ஜெபசிங் கடை வைப்பதற்கு முன்னால் ஃபேக்டரியில் இருந்தவர், எங்கள் அப்பாவோடு பழைய சங்கப் பழக்கம். அவர் மூலமாகத்தான் எங்கள் அப்பா வந்தாராம். சங்கம் எப்படி ஆரம்பிப்பது, கோரிக்கையை எப்படி எழுதுவது, யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே மாடியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாராம். கேரம் கிளப் இதுதான். வேலைநிறுத்த நோட்டீஸைத் தமிழில் எழுதியதும் அவர்தான். கம்பெனி ஆபீசுக்குக் கூடவே போய், முத்திரை குத்தி வாங்கும்வரை நின்றவரும் அவர்தான்.

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். ஆங்கிலத்தில் டைப் அடித்த நோட்டீஸ், கீழே கம்பெனியின் நீல முத்திரை, தேதி. வேலைநிறுத்தத்துக்குப் பதினேழு நாள் முன்பு. நான் டிக்கெட் வாங்கியதற்கு ஒன்பது நாள் முன்பு. அதோடு குண்டூசியில் குத்தியிருந்த தமிழ்ப் பிரதியில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ஆங்கில நோட்டீஸைத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கடையில் கொடுத்து அவர் டைப் அடித்து வந்ததாகச் சொன்னாள். பெற்ற மகள் டைப்பிங் கடை வைத்திருக்கும்போது தேரடி வரைக்கும் போயிருக்கிறார்.  இரண்டுக்கும் அவள் ஜெராக்ஸ் காப்பி கொடுத்தாள். ஆனால் சாட்சி சொல்ல வர முடியாது என்று கண் கலங்கினாள். வேலையைத் திரும்பக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் வாய் திறந்தால் ஏழு பேர் வேலையும் போய்விடும்.

ஸ்டேஷனிலிருந்தே வஹாபுக்கு போன் போட்டேன். வெறும் காப்பியைக் கம்பெனிக்காரன் போலி என்று சொல்லிவிடுவான், நோட்டீஸ் கொடுக்கும்போது கூட நின்றவர் யாராவது பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்றார். நின்றவர் யார் என்று சொன்னேன். அவர் அடுத்த சிக்கலைச் சொன்னார்.

"அப்ப அவன் திருப்பிக் கேப்பாம்மா. அப்பனுக்கே தெரியுமே, புள்ளைக்குத் தெரியாதான்னு. ஆண்ட்ரூ தனியா ஒரு பத்திரம் போடணும். அப்பாவுக்குத் தெரியும், என்னாண்ட சொல்லலன்னு அவன் கையெழுத்துல வரணும். வேற வழி இல்ல."

வீட்டுக்குப் போகும்போது மணி நாலு. அப்பா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். காப்பியை அவர் முன்னால் தரையில் வைத்தேன். பார்த்தார். கையைக் கழுவவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவம் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை விட ஊரான் சங்கம் பெரிதா, மூன்று வருடம் அவன் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதன்கிழமையே அனுப்பியிருப்பேனே என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். புதன்கிழமை என்று அவர் ஒருதரம் கேட்டார் என்பது கத்தும்போதே ஞாபகம் வந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"தேதிய வூட்ல கூட சொல்லக் கூடாதும்மா," என்றார். "எங்க சங்கத்துல மொத நாள்லேர்ந்து அதான் பழக்கம். நோட்டீஸ் போனாலும் யார் யார் எறங்குவாங்கன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாது, ஒருத்தன் வாய் வுட்டா ஆள் யாருன்னு மோப்பம் புடிச்சிடுவான். உங்கம்மாவுக்குக் கூட நான் சொன்னதில்ல."

அப்புறம் அவராகவே சொன்னார். துறைமுகத்தில் இருபது வருடத்தில் பதினோரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். நடந்தது இரண்டே இரண்டு ஸ்டிரைக். மற்றதெல்லாம் முதல் நாள் சாயங்காலம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு முடிந்துபோனது. இதுவும் அப்படித்தான் முடியும் என்று உறுதியாக இருந்திருக்கிறார். புதன்கிழமை முழுக்க பெனிஷாவின் போனுக்காகக் காத்திருந்தாராம். இந்தக் கம்பெனி கூப்பிடவே இல்லை. கூப்பிடாத முதலாளியை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. விடிந்ததும் ஆண்ட்ரூ முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அவரைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

வஹாப் சொன்னதைச் சொன்னேன். நான் பத்திரம் போடுகிறேன் என்று உடனே சொன்னார். ஆண்ட்ரூவும் போட வேண்டும் என்றேன். அதில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் நெத்திலித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நானே அவனாண்ட சொல்றேன். நீ நடுவுல பேசாத."

எனக்கு ஒரு நிமிடம் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று இருந்தது. இந்த வீட்டில் அவரைத் திட்டாத ஒரே ஆள் ஆண்ட்ரூதான். மனுவைக் கிழித்துப் போட்டால் அந்த ஒன்றாவது அவருக்கு மிஞ்சும். ஆனால் மனு இல்லாவிட்டால் ஆண்ட்ரூவுக்குக் காலத்துக்கும் கண்டெய்னர் யார்டுதான். இரண்டையும் வைத்து எடை போட்டுப் பார்த்து எனக்குத் தலை வலித்தது.

ஆறு மணிக்கு ஆண்ட்ரூ வந்தான். சட்டையெல்லாம் யார்ட் புழுதி. என்ன எல்லாரும் உம்மென்று இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்தான். அப்பா எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல், தேதி வாரியாகச் சொன்னார். எப்போது எழுதினேன், எப்போது கொடுத்தேன், நீ பை கட்டும்போது எனக்குத் தெரியும், உன் பையில் நெத்திலிக் கருவாடு வைத்தபோதும் எனக்குத் தெரியும் என்றார். நீ இதையெல்லாம் பத்திரத்தில் எழுது, என் மானம் மரியாதை எதையும் பார்க்காதே என்று முடித்தார்.

ஆண்ட்ரூ அந்தத் தமிழ்ப் பிரதியை வாங்கி முழுசாகப் படித்தான். படிக்கப் படிக்க உதடு அசைந்தது. சின்னப் பையனாக இருந்தபோது ஹார்பர் கேட் மீட்டிங்கில் அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு கோஷம் போட்டவன் அவன். கப்பலைப் பற்றி ஏதாவது கேட்பான், என்னைப்போல் கத்துவான் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"சொல்லியிருந்தா நானும் வெளிய சொல்லியிருக்க மாட்டேனே, நைனா," என்றான். "உன் புள்ளதானே நானு."

இருபது வருடம் கேட் மீட்டிங்கில் மைக் பிடித்தவர் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகனின் முழங்காலில் கையை வைத்தார். அந்தக் கையை ஆண்ட்ரூ தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டான்.